சுளுக்கா, முறிவா?

மேல்சித்தாமூருக்கு வருகிறவர்கள் ஜைன மடத்தையும் பார்சுவநாதர் ஆலயத்தையும் தரிசித்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். எங்கள் வயல் வரப்புகளின் மகிமை அவர்களுக்குத் தெரியாது. அதை அறிய, மழை பெய்த மறுநாள் அவற்றின்மீது நடந்து பார்க்கவேண்டும்.

சில வருஷங்களுக்கு முன் என் மாணவன் ஒருவன் அப்படித்தான் வழுக்கிக் கணுக்காலை மடித்துக்கொண்டான். நொண்டிக்கொண்டே வகுப்புக்கு வந்தவனை, "சுளுக்குக்கு நடைதான் மருந்து, நட!" என்று அதட்டினேன். அன்று மாலை அவன் பாட்டி எண்ணெய் காய்ச்சி அழுந்தத் தேய்த்துவிட்டாள். மூன்றாம் நாள் திண்டிவனத்தில் எக்ஸ்-ரே எடுத்தபோது வெளிக்கணுவின் எலும்பு முறிந்திருப்பது தெரிந்தது. "நீங்கள்தானே சார் நடக்கச் சொன்னீர்கள்?" என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என் மனம் சற்று ஆறியிருக்கும்.

சுளுக்கையும் முறிவையும் வீக்கத்தைக் கொண்டு பிரித்தறிய முடியாது. இரண்டும் வீங்கும், இரண்டும் கன்றிக் கறுக்கும். பின் எப்படி அறிவது? கானடா தேசத்து ஒட்டாவா நகர வைத்தியர்கள் 1992-ல் எளிய விதிகளை வகுத்தார்கள். உள்கணு, வெளிக்கணு இவற்றின் நுனியையோ, பின்விளிம்பில் கீழ் 6 சென்டிமீட்டரையோ அழுத்தினால் எலும்பிலேயே வலிக்கிறதா? பாதத்தின் வெளியோரத்து நடு எலும்போ, உள்வளைவின் மேலுள்ள எலும்போ தொட்டால் வலிக்கிறதா? அடிபட்டவுடனும், பிறகு டாக்டர் முன்னிலையிலும் நாலு அடி வைக்க இயலவில்லையா? இவற்றில் ஒன்றுக்கு 'ஆம்' என்று பதில் வந்தாலும் எக்ஸ்-ரே அவசியம். வளரும் குழந்தைகளுக்கும், நீரிழிவினால் கால் மரத்துப் போனவர்களுக்கும் இவ்விதிகளை மட்டும் நம்பலாகாது. அவர்களை டாக்டரிடம் காட்டிவிடுவதே உத்தமம்.

பாதம் உட்புறமாக மடியும்போது, வெளிக்கணுவை முன்புறம் பிணைக்கும் தசைநார்தான் பெரும்பாலும் கிழிகிறது. முதல் இரண்டு மூன்று நாள் காலைத் தலையணைமேல் உயர்த்தி வையுங்கள். துணிப்பட்டையை இதமாகச் சுற்றுங்கள். பனிக்கட்டியைத் துணியில் பொதிந்து சிறிது நேரம் ஒற்றினால் வலி குறையும். ஆனால் 1978-ல் ஓய்வையும் பனிக்கட்டியையும் உபதேசித்த அமெரிக்க டாக்டர் மிர்க்கினே, அவை ஆறுவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று 2014-ல் எழுதினார். தைலம் போட்டு முரட்டுத்தனமாக உருவுவது மட்டும் கூடவே கூடாது.

நம் பக்கத்தில் புத்தூர்க் கட்டுக்குப் பெயர் அதிகம். எந்தக் கட்டானாலும், எவர் கட்டினாலும், விரல்கள் நீலம் பாய்ந்தாலோ, மரத்தாலோ, வலி ஏறிக்கொண்டே போனாலோ ஒரு நாழிகையும் தாமதிக்காதீர்கள். இறுக்கத்தினால் இரத்த ஓட்டம் தடைப்பட்டால் காலையே இழக்க நேரிடும்.

வலி தணிந்ததும் பயிற்சி தொடங்கவேண்டும். இதைத்தான் நம்மவர்கள் விட்டுவிடுகிறார்கள். அதனால்தான் ஒரு முறை மடிந்த கால் மறுபடியும் மறுபடியும் மடிகிறது. உட்கார்ந்தபடியே கட்டைவிரலால் காற்றில் 'அ, ஆ' எழுதுங்கள். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குங்கள். கடைசியில் ஒற்றைக்காலில் நின்று பழகுங்கள். சமநிலையை உணரும் சக்தி இதனால்தான் திரும்புகிறது.

அவசரமும் ஆகாது. 2022 ஆகஸ்டில் பர்மிங்ஹாமில் தங்கப் பதக்கம் வென்ற பி. வி. சிந்து, இடது கணுக்காலில் எலும்பு விரிசலுடன்தான் ஆடினார். ஆனால் அதன்பின் அம்மாதத்து உலகப் போட்டியையே விட்டுக்கொடுத்து, 2023 ஜனவரியில்தான் மீண்டும் களம் இறங்கினார்.

என் மாணவனுக்குக் கட்டுப் பிரித்து, டாக்டர் அனுமதித்த பின், தினமும் மாலையில் அவனை ஒற்றைக்காலில் நிற்கச் சொல்லி எண்ணிக்கொண்டிருந்தேன். முன்பெல்லாம் பையன்களை அப்படி நிறுத்தியது தண்டனைக்காக. இந்தத் தடவை தண்டனை யாருக்கு என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.