பதக்கமும் பயிற்றுநர் தகுதியும்

நடுத்தொலைவு ஓட்டத்தில் கேரளத்தின் மலையோர மாவட்டங்களுக்குத் தனி இடம் உண்டு. பாலக்காட்டின் முண்டூர் பி. யு. சித்ராவைத் தந்தது; இடுக்கியின் தொடுபுழை ஷைனி வில்சனைத் தந்தது. 1986ஆம் ஆண்டு சியோல் ஆசிய விளையாட்டில், 800 மீட்டர் ஓட்டத்தில் முன்னணியில் இருந்த ஷைனி, உரிய இடத்துக்கு முன்பே தடம் மாறியதால் தகுதிநீக்கம் செய்யப்பட்டார். அது காலில் நேர்ந்த பிழை. 1992இல் பார்சிலோனா ஒலிம்பிக்கில் இந்தியக் கொடியை ஏந்திச் சென்றவரும் அவரே.

எல்லைக்கு இப்பால், புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியைச் சேர்ந்த சாந்தி சௌந்திரராஜனுக்கு அவ்வாய்ப்பு அமையவில்லை. செங்கற்சூளைத் தொழிலாளரின் மகளான அவர், 2006 தோகா ஆசிய விளையாட்டில் அதே 800 மீட்டரில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனைக்குப் பின் பதக்கம் பறிக்கப்பட்டது. 'சோதனையில் தோற்றார்' என்னும் தொடர் அன்றைய செய்திகளில் இயல்பாகப் புழங்கியது. தோற்றல் என்னும் வினை ஒரு போட்டியை வேண்டுவது; பிறந்த உடலோடு எவர் எதில் போட்டியிட்டுத் தோற்க இயலும்?

பின்னர் அவர் சூளை வேலைக்கே திரும்ப நேர்ந்தது. பெங்களூரில் தேசிய விளையாட்டு நிறுவனத்தின் பயிற்றுநர் பட்டயம் பெற்று, 2016இல் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் பயிற்றுநரானார். இதற்குப் பத்தாண்டுகள் ஆயின. இதற்கிடையில், 2015இல் தூத்தி சந்த் தொடுத்த வழக்கில் விளையாட்டு நடுவர் மன்றம் அன்றைய ஹார்மோன் விதியை நிறுத்திவைத்தது. தூத்தி மீண்டும் ஓடி, 2018 ஜகார்த்தாவில் இரு வெள்ளிகள் வென்றார். சாந்தியின் ஓட்டக்காலமோ அதற்குள் கழிந்துவிட்டது. 2018இல் வந்த புதிய விதி 400 மீட்டர் முதல் ஒரு மைல் வரையான ஓட்டங்களையே, அதாவது பெரும்பாலும் நடுத்தொலைவையே, குறிவைத்தது.

கல்விப்புலத்தார் கருத வேண்டியது வேறொன்று. கல்லூரி உடற்கல்விப் பதவிக்குரிய பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு நெறிமுறையில், வழக்கமான தகுதிகளுக்கு மாற்றாக ஒரு வழி உண்டு: ஆசிய அல்லது காமன்வெல்த் விளையாட்டில் பதக்கம் வென்று, முதுகலைப் பட்டமும் பெற்றிருத்தல். நல்ல ஏற்பாடுதான். ஆயினும் பதக்கத்தை இழந்தவர் எத்தனை பட்டம் பெற்றாலும் இவ்வழியே வர இயலாது. உடலியல் குறித்த ஒரு முடிவு, கற்பிக்கும் தகுதி குறித்த முடிவாகவும் இவ்வாறு மாறிவிடுகிறது. இரண்டுக்கும் என்ன தொடர்பு? முதற் சுற்றில் எவ்வளவு வேகத்தைச் சேமிப்பது, இறுதி 200 மீட்டரில் எப்போது முடுக்குவது என்னும் அறிவு பதக்கத்தோடு பறிபோவதில்லை.

ஊக்கமருந்தால் பதக்கம் இழந்தோரை இவ்வழி விலக்குவது முறையே. ஏமாற்று எதுவும் மெய்ப்பிக்கப்படாமல் பதக்கம் நீக்கப்பட்டோரை அவர்களோடு ஒரே வரிசையில் நிறுத்துவது முறையன்று. இவ்வேறுபாட்டை அந்நெறிமுறையில் எழுதிச் சேர்க்க ஒரு வாக்கியம் போதும். அதைக் கோரும் தீர்மானத்தைப் பல்கலைக்கழகக் கல்விக்குழுக்களே நிறைவேற்றலாம்.