இலை மேல் கோபமில்லை; எட்டு மாதத்தின் மேல்தான் கோபம்



பீடோங் வட்டாரத் தோட்டம் ஒன்றுக்குச் சம்பள விவகாரம் பேசப் போயிருந்தேன். ஓர் அக்கா என்னைத் தனியே கூப்பிட்டார். மார்பில் கட்டியாம்.

"எத்தனை நாளா அக்கா?"

"எட்டு மாசம் ஆச்சு தம்பி. டுரியான் பிளாண்டா இலையை அவிச்சுக் குடிக்கிறேன். யுனிவர்சிட்டியிலேயே ஆராய்ச்சி பண்ணிச் சொல்லிட்டாங்களாமே!"

ஆராய்ச்சி நடப்பது உண்மைதான். டுரியான் பிளாண்டா இலைச்சாற்றைப் பல நாடுகளில் சோதித்திருக்கிறார்கள். நம் மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் 'பெச்சா காச்சா' இலைச்சாற்றை மார்பகப் புற்றுச் செல்கள் மீதும், எலிகளிடமும் சோதித்து நல்ல அறிகுறி கண்டார்கள். பாராட்டுவோம். ஆனால், கண்ணாடித் தட்டில் செல் செத்தால் அது மருந்தாகிவிடுமா? நாம் அடிக்கும் புல் மருந்தை ஊற்றினாலும் செல் சாகும், அதைக் குடிப்போமா? தட்டு, எலி, அதன் பிறகு மனிதர் என்று படிப்படியாக ஏற வேண்டும். எவ்வளவு கொடுப்பது, உடம்பு தாங்குமா, நோய் குறைகிறதா என்று பார்க்க வேண்டும். இந்த இலைகள் அந்தக் கடைசிப் படியைத் தாண்டவில்லை. டுரியான் பிளாண்டாவை அதிகம் உட்கொண்ட குவாதலூப் தீவு மக்களிடம் நடுக்குவாதம் போன்ற நரம்புக் கோளாறு காணப்படுவதாக 1999இல் மருத்துவர்கள் எச்சரித்தார்கள்.

அப்படியானால் மரம் செடியிலிருந்து மருந்தே வராதா? வரும்! அமெரிக்காவில் யூ என்ற மரத்தின் பட்டையை 1962இல் சேகரித்தார்கள். அதிலிருந்து கிடைத்த பாக்லிடாக்செல் மருந்துக்கு, மார்பகப் புற்றுக்குக் கொடுக்கலாம் என்ற அனுமதி அங்கே 1994இல்தான் கிடைத்தது. முப்பத்திரண்டு வருட உழைப்பு! இன்று அதை ஆஸ்பத்திரியில் நரம்பு வழி ஏற்றுகிறார்கள். ஆக, மர மருந்தை நம்புகிறவர்களும் போகவேண்டிய இடம் ஆஸ்பத்திரிதான்.

அக்காவை அறியாதவர் என்று ஏசாதீர்கள். ஒரு நாள் போனால் ஒரு நாள் சம்பளம் போச்சு. சுங்கை பட்டாணிக்குப் போக வண்டி இல்லை. ஆண் டாக்டரிடம் காட்டக் கூச்சம். இலையோ வாசலிலேயே இருக்கிறது! தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின்படி, 2012 முதல் 2016 வரை மார்பகப் புற்று கண்டவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் மூன்றாம், நான்காம் கட்டத்தில்தான் வந்தார்கள்.

எனவே, பரிசோதனைக்குச் சம்பளத்தோடு அரை நாள், போய்வர வண்டி: இதையும் நம் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்க வேண்டும். கணவன்மார்களே, பெரட்டுக்குப் போகும் அக்கறையோடு மனைவியைக் கிளினிக்குக்கும் கூட்டிப் போங்கள். பெண் டாக்டர் வேண்டுமென்று கேளுங்கள், கேட்பதில் வெட்கமில்லை.

அக்காவுக்கு இப்போது சிகிச்சை நடக்கிறது. "அந்த எட்டு மாசத்தை யாரு தம்பி திருப்பித் தருவா?" என்கிறார்.

என்னிடம் பதில் இல்லை. கட்டி தட்டுப்பட்டால் அந்த வாரமே போங்கள், சகோதரிகளே!