சுஷியும் சோறும் நம்ம கோவமும்

போன ஞாயித்துக்கிழமை ஒரு போட்டோ போட்டேன். ஒரு அட்டைப்பெட்டி, அதுக்குள்ள 12 துண்டு சுஷி. எங்க ஏரியாவுல ஒரு குடும்பம் வீட்டுலயே செஞ்சு, அவங்களே வண்டில கொண்டுவந்து தர்றாங்க. "முதல் தடவை சாப்பிடறேன், நல்லா இருந்துச்சு"ன்னு ஒரு வரி. அவ்ளோதான். அடுத்த ரெண்டு நாள் என் மென்ஷன் பக்கமே போக முடியல.

"ஒரு டாக்டரே பச்சை மீன் சாப்பிடச் சொல்லலாமா?" "புழு இருக்கும் சார்." "கவர்மெண்ட் டாக்டருக்கு சுஷி கேக்குதா?" (கேட்டவருக்கு: பெட்டி 700 ரூபாய், சம்பளத்துலதான் வாங்கினேன், ரசீது இருக்கு.)

இதெல்லாம் பரவால்ல, எனக்குப் பழக்கம்தான். ஆனா போட்டோவைப் பெருசாக்கி, பெட்டி மேல ஒட்டியிருந்த பேரைப் படிச்சு, அந்த வீட்டு நம்பரைத் தேடிப் பிடிச்சு, "விஷம் விக்கிறீங்களா"ன்னு சில பேர் மெசேஜ் அனுப்பியிருக்காங்க. அதுல ஒருத்தர் என்னை மாதிரியே எம்பிபிஎஸ். செவ்வாய்க்கிழமை அந்த அக்கா ஃபோன் பண்ணாங்க. "டாக்டர் சார், நாங்க ஏதாச்சும் தப்பு பண்ணிட்டோமா? இந்த வாரம் ஆறு ஆர்டர் கேன்சல் ஆயிடுச்சு." இந்த இழை அதுக்காகத்தான். நீளம் ஜாஸ்தி, டீ போட்டுட்டு வாங்க.

முதல்ல சாப்பாட்டைப் பத்தி. எட்டு துண்டு உருட்டினது, நாலு துண்டு சோத்து மேல மீன் வெச்சது. எங்கம்மா பெட்டியைத் திறந்து பாத்துட்டு, "என்னடா இது, சாமிக்குப் படைக்கிற மாதிரி இத்துனூண்டு"ன்னாங்க. வெள்ளரிக்காய் உருட்டினதையும் வேகவெச்ச இறாலையும் அவங்களே காலி பண்ணிட்டாங்க. சால்மன் பக்கம் போகல. வசாபிங்கிற பச்சைப் பசையை என் பொண்ணு சட்னின்னு நினைச்சு விரலால தொட்டு நாக்குல வெச்சா. கடுகு அரைச்சது மூக்குல ஏறின மாதிரி கண்ணுல தண்ணி. (நமக்குக் கிடைக்கிற வசாபி பெரும்பாலும் ஹார்ஸ்ராடிஷ் கிழங்கும் கடுகும் பச்சைக் கலரும்தான்.) சால்மன் வாய்ல வெச்சா வெண்ணெய். சோறுதான் எனக்கு ஆச்சரியம். லேசான புளிப்பு, லேசான இனிப்பு, உதிரவும் இல்ல, குழையவும் இல்ல.

அந்தப் புளிப்பை ஞாபகம் வெச்சுக்கோங்க, திரும்ப வர்றேன்.

நான் வேலை பாக்குறது அரசு ஆஸ்பத்திரி கேஷுவால்டி. சாப்பாடு ஒத்துக்காம வாந்தி, வயித்துப்போக்குன்னு வராத நைட் டியூட்டி கிடையாது. என்ன சாப்பிட்டீங்கன்னு கேட்டா திரும்பத் திரும்ப வர்ற பதில்: ராத்திரி கடை ஃப்ரைடு ரைஸ், கல்யாணத்துல மிஞ்சின பிரியாணி, மதியம் வடிச்சு சாயங்காலம் வரைக்கும் மூடி வெச்ச வெள்ளைச் சோறு. சுஷி சாப்பிட்டு எங்ககிட்ட இதுவரைக்கும் யாரும் வந்ததில்ல. எங்ககிட்ட வர்றவங்க சுஷி சாப்பிடறதில்லங்கிறது வேற விஷயம், அதை நானே ஒத்துக்கறேன். ஆனா ஃப்ரைடு ரைஸ் கடைக்காரர் நம்பரைத் தேடிப் பிடிச்சு "விஷம் விக்கிறீங்களா"ன்னு யாரும் கேட்டும் நான் பாத்ததில்ல.

அரிசியில பேசில்லஸ் சீரியஸ்னு ஒரு பாக்டீரியா இருக்கும். வயல் மண்ணுலயே இருக்கிறது. அதோட வித்துகள் கொதிக்கிற தண்ணியிலயும் சாகாது. சோறு வடிச்சு, கொஞ்சம் ஆறி, வெதுவெதுப்பா மணிக்கணக்குல கிடந்தா முளைச்சுப் பெருகும், விஷத்தைக் கக்கும். வாந்தி வரவைக்கிற அந்த விஷம் சூட்டுக்கு அசையாது. திரும்ப வாணலியில போட்டுத் தீயா வறுத்தாலும் அப்படியே இருக்கும். சாப்பிட்ட ஒண்ணுல இருந்து ஆறு மணி நேரத்துக்குள்ள வாந்தி. 1970-களில் பிரிட்டன்ல சீன உணவகங்களோட ஃப்ரைடு ரைஸ் சாப்பிட்டவங்களுக்கு வந்தப்பதான் இது பெருசா கவனத்துக்கு வந்துச்சு. "நல்லா சூடு பண்ணித்தான் சாப்பிட்டேன் சார்"னு நம்ம ஆளுங்க சத்தியம் பண்ணுவாங்க. உண்மைதான். சூடு பண்ணினது லேட்டு.

இப்போ சுஷிக்கு வாங்க. அந்தச் சோத்தை ஃப்ரிட்ஜ்ல வைக்க முடியாது, கல்லு மாதிரி ஆயிடும். வெளிய வெச்சுத்தான் பரிமாறணும். அப்போ மேல சொன்ன கிருமிக்குக் கொண்டாட்டம்தானே? இல்ல. அதுக்குத்தான் வினிகர். சோத்தோட பிஹெச் 4.6-க்குக் கீழ இறங்கிட்டா இந்தக் கிருமிகள் வளர்றது ரொம்பவே கஷ்டம். சுஷிங்கிற வார்த்தையே புளிப்புங்கிற பழைய ஜப்பானியச் சொல்லுல இருந்து வந்ததுதான். ஆரம்பத்துல அது மீனை உப்பு போட்டு, சோத்துக்குள்ள மாசக்கணக்குல புதைச்சு வைக்கிற முறை. சோறு தானா புளிச்சு மீனைக் கெடாம காப்பாத்தும். அப்புறம்தான் காத்திருக்கப் பொறுமை இல்லாம வினிகரை ஊத்த ஆரம்பிச்சாங்க. டோக்கியோவோட பழைய பேரு எடோ. அங்க தெருவோரக் கடையில கையால பிடிச்சு உடனே தர்ற வழக்கம் வந்தது 19-ஆம் நூற்றாண்டுல.

புளிச்ச சோறு கெடாதுன்னு நமக்கு ஜப்பான்காரன் சொல்லித் தரணுமா? பழைய சோறு என்ன? ரயிலுக்குக் கட்டிக்கிட்டுப் போறப்ப சாம்பார் சாதத்தை விட்டுட்டுப் புளியோதரையைக் கட்டுறோமே, ஏன்? உங்க பாட்டிக்கு பிஹெச் தெரியாது, ஆனா எந்தச் சோறு மறுநாள் வரைக்கும் தாங்கும்னு தெரியும். அதே அறிவுதான் அந்தப் பெட்டிக்குள்ள இருந்தது. அதைப் பாத்து "சீ"ன்னு சொல்றீங்க.

"சோறு சரி சார், புழு?" நியாயமான கேள்வி. கடல் மீன்ல அனிசாகிஸ்னு ஒரு புழு உண்டு. உயிரோட உள்ள போனா சில மணி நேரத்துல வயித்தைப் புரட்டிப் போடுற வலி வரும், எண்டோஸ்கோப்பி விட்டு எடுக்க வேண்டியிருக்கும். ஜப்பான்லயே இது வருது, மறைக்க ஒண்ணும் இல்ல. இதுக்கு வழி உறைய வைக்கிறது: மைனஸ் 20 டிகிரியில ஏழு நாள். நம்ம வீட்டு ஃப்ரீசர் மைனஸ் 18-ல நிக்கிறதே அபூர்வம், கரண்ட் போனா அதுவும் போச்சு. தீவனம் போட்டு வளர்க்கிற சால்மன்ல இந்தப் புழு ரொம்ப அரிது. ஜப்பான்காரங்களே சால்மனைப் பச்சையா சாப்பிட ஆரம்பிச்சது, 1980-களில் நார்வே அதைக் கொண்டுபோய் விக்க ஆரம்பிச்ச பிறகுதான். அதுக்கு முன்னாடி அவங்க ஊர் சால்மனைப் புழுவுக்குப் பயந்து சமைச்சுத்தான் சாப்பிட்டாங்க. அதாவது, பச்சையா இருக்குங்கிறதுக்காகவே அவங்க எதையும் வாய்ல போட்டுக்கல.

ஆத்து மீன், ஏரி மீனைப் பச்சையா வேண்டவே வேண்டாம். வடகிழக்குத் தாய்லாந்துல பச்சை ஆத்து மீன் சாப்பிட்டு, ஈரல் புழு வந்து, பித்தநாளப் புற்றுநோய் வரைக்கும் போறது மருத்துவப் புத்தகத்துல இருக்கு. யூடியூப் பாத்துட்டு கெண்டை மீன்ல சுஷி பண்றேன்னு கிளம்பிடாதீங்க.

நீங்க யாருமே கேக்காத ஒண்ணு ஹிஸ்டமின். சூரை, கானாங்கெளுத்தி, மத்தி மாதிரி மீன்களைப் பிடிச்சதுல இருந்து ஐஸ்ல வைக்காம விட்டா பாக்டீரியா அதுல ஹிஸ்டமினை உண்டாக்கும். குழம்பு வெச்சாலும் போகாது, பொரிச்சாலும் போகாது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்துல மூஞ்சி செவக்கும், தலை வலிக்கும், அரிப்பு, படபடப்பு. "எனக்கு மீன் அலர்ஜி சார்"னு வர்றவங்கள்ல சில பேருக்கு உண்மையில இதுதான். ஒரே மீனைச் சாப்பிட்ட வீட்டுல மூணு பேருக்குச் செவந்திருந்தா அலர்ஜிய விடுங்க, மீனைச் சந்தேகப்படுங்க. இது வேகவெச்ச மீன்லயும் வரும்னு திரும்பச் சொல்றேன். பச்சையா, வெந்ததாங்கிறதை மட்டும் பாத்து சுத்தம், அசுத்தம்னு பிரிக்கிறதுல எனக்கு இருக்கிற பிரச்சனை இதுதான். அருவருப்பு வேற, சுகாதாரம் வேற. நம்ம ஊர்ல யார் என்ன சாப்பிடறாங்கன்னு பாத்து மூக்கைப் பொத்துறதுக்குப் பின்னாடி ஒரு நீளமான கதை இருக்கு. அதுக்கு மருத்துவத்தைச் சாட்சிக்குக் கூப்பிடாதீங்க.

சரி, அந்த வீடு. அண்ணன் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஜப்பான் கம்பெனி ஆளுங்க தங்குற ஒரு கெஸ்ட் ஹவுஸ்ல எட்டு வருஷம் சமையல். அங்க வேலை போச்சு. இப்போ அண்ணன் மீன் வெட்டுறார், அக்கா சோறு பாக்குறாங்க, காலேஜ் படிக்கிற பையன் வண்டி ஓட்டுறான். அக்கா ஃபோன் வெச்ச அன்னிக்கு சாயங்காலமே நேர்ல போனேன். சமையக்கட்டைக் காட்ட ஒரு நிமிஷம்கூட யோசிக்கல. மீன் பலகை தனி, காய்கறிப் பலகை தனி. வளர்ப்பு சால்மன், உறைஞ்சே வருது, பில் இருக்கு. எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு எண் 14 இலக்கம், பில்லுலயே அச்சடிச்சிருக்கு. அஞ்சு கிலோமீட்டருக்கு மேல ஆர்டர் எடுக்கிறதில்ல. தெர்மாகோல் பெட்டி, ஐஸ் பேக். வாங்கினதும் ஒரு மணி நேரத்துல சாப்பிடுங்கன்னு வாயால சொல்லிட்டுப் போவான் பையன். வெயில் காலத்துல மதியம் டெலிவரியே கிடையாது.

எல்லாம் சரியா இருந்துச்சுன்னு சொல்ல மாட்டேன். ரெண்டு விஷயத்துல சண்டை போட்டேன். அண்ணன் கானாங்கெளுத்தியை வினிகர்ல ஊறவெச்சு ஒரு ஐட்டம் போட்டுக்கிட்டு இருந்தார். "வினிகர் எல்லாத்தையும் கொன்னுடும் டாக்டர்." கொல்லாது. அனிசாகிஸ் வினிகர்ல நல்லாவே உயிரோட இருக்கும், ஹிஸ்டமினையும் அது ஒண்ணும் பண்ணாது. கொஞ்ச நேரம் வாதாடினார். அப்புறம் மெனு கார்டுல அந்த வரியைப் பேனாவால அடிச்சார். இன்னொண்ணு, பெட்டி மேல செஞ்ச நேரம் எழுதல. மதியம் வாங்கி ராத்திரி சாப்பிடற ஆளும் இருக்கான் இல்லையா? இப்போ எழுதுறாங்க. 4-லிருந்து 5 வரைக்கும் நுணுக்கமா காட்டுற பிஹெச் தாள் ஒரு கட்டு வாங்கிக் குடுத்தேன். முதல் நாள் சோறு நான் எதிர்பாத்ததை விடக் கொஞ்சம் கூடுதலாவே காட்டுச்சு. அக்கா வினிகரை ஏத்தினாங்க. "கண்ணளவு எனக்கு அத்துப்படின்னு நினைச்சேன் சார், இப்போ தாளைப் பாத்தாதான் தூக்கம் வருது"ன்னாங்க.

வீட்டுச் சமையல்னாலே சுத்தம்னு உருகுற கூட்டத்துக்கும் இது சேத்துத்தான். வீடுங்கிறதால மட்டும் கிருமி விட்டுக்குடுக்காது. இன்ஸ்டாகிராம்ல பிரியாணி, ஊறுகாய், கேக் விக்கிற எத்தனை வீட்டுல பதிவு எண் கேட்டிருக்கீங்க? 2011 விதிமுறைகள்ல வருஷ விற்பனை 12 லட்சத்துக்குள்ள இருக்கிற சின்ன வியாபாரத்துக்கு வெச்ச பதிவுக் கட்டணமே வருஷம் 100 ரூபாய்தான். நம்பர் இருக்கா, மீன் எங்கிருந்து வருது, எப்போ செஞ்சது, எவ்வளவு நேரம் வண்டில இருந்துச்சு, இதைக் கேளுங்க. எந்த வீட்டையும் கேளுங்க. கேட்டா அவங்க மேம்படுவாங்க. "விஷம்"னு திட்டினா கடையைச் சாத்திட்டுப் போவாங்க, அவ்ளோதான்.

யார் சாப்பிடக் கூடாதுன்னு டாக்டரா சொல்லியாகணும். கர்ப்பமா இருக்கிறவங்க, கீமோ எடுக்கிறவங்க, உறுப்பு மாற்று செஞ்சுக்கிட்டு மாத்திரையில இருக்கிறவங்க, ஈரல் கெட்டவங்க, சின்னக் குழந்தைங்க: பச்சை மீன் வேண்டாம், வெந்ததைச் சாப்பிடுங்க. சுகர் இருக்கிறவங்க, அது வினிகரோட சர்க்கரையும் சேத்த வெள்ளைச் சோறுங்கிறதை மறக்காதீங்க. பிபி இருக்கிறவங்க சோயா சாஸைக் குழம்பு மாதிரி ஊத்தாதீங்க. ஒரு டேபிள்ஸ்பூன்ல கிட்டத்தட்ட 900 மில்லிகிராம் சோடியம், ஒரு நாளைக்கே 2000-க்குக் கீழ இருக்கணும்.

அந்த எம்பிபிஎஸ் நண்பருக்கு: நீங்களும் மைக்ரோபயாலஜி படிச்சுத்தானே பாஸ் பண்ணீங்க. அக்காவுக்கு அனுப்பின மெசேஜ் என்கிட்ட இருக்கு, ஸ்கிரீன்ஷாட் போட மாட்டேன். அவங்க நம்பர் உங்ககிட்டதான் இருக்கே, ஃபோன் பண்ணி ஒரு ஸாரி சொல்லுங்க.

கேன்சல் ஆன ஆறுல ரெண்டு திரும்பி வந்திருக்காம். இந்த ஞாயிறு எனக்கு டே டியூட்டி, அதனால சாயங்காலம் ஏழு மணிக்குச் சொல்லியிருக்கேன். அம்மாவுக்கு இறால் ரெண்டு எக்ஸ்ட்ரா.