ரயில்வே கணக்கு சபைக்கு வரட்டும்: பயணிகளின் கோரிக்கைச் சாசனம்

மக்களவை, மாநிலங்களவை உறுப்பினர்களுக்கும், குறிப்பாகத் தமிழ்நாடு தேர்ந்தெடுத்து அனுப்பிய மக்களவை உறுப்பினர்கள் 39 பேருக்கும் ரயில் பயணிகளாகிய நாங்கள் முன்வைப்பவை இவை.

நாங்கள் டிக்கெட் வாங்குகிறோம், வரியும் கட்டுகிறோம். இரண்டு வழியாகவும் ரயில்வேக்குப் போய்ச் சேர்வது எங்கள் பணம். 2025-26 பட்ஜெட்டில் மூலதனச் செலவுக்கு மட்டும் ஒன்றிய அரசு ரயில்வேக்கு 2.52 லட்சம் கோடி ரூபாய் ஒதுக்கியது. அரசியல் சாசனத்தின் 113-ஆவது பிரிவின்படி இந்தப் பணத்துக்கு ஒப்புதல் தரும் அதிகாரம் மக்களவையிடம் இருக்கிறது. ஒப்புதல் தருகிறவர்கள் கணக்கையும் கேட்டாக வேண்டும். இங்கே நாங்கள் கேட்பவற்றில் எதற்கும் அரசியல் சாசனத்தைத் திருத்தத் தேவையில்லை. பலவற்றுக்கு விதியும் இருக்கிறது, ஆட்களும் இருக்கிறார்கள். இன்னும் ஏன் நடக்கவில்லை என்பது ஒன்றே எங்கள் கேள்வி.

ரயில்வே மானியக் கோரிக்கையை மக்களவை ஒவ்வோர் ஆண்டும் விவாதித்தே நிறைவேற்ற வேண்டும். 1924-இல் பொது பட்ஜெட்டிலிருந்து பிரிந்த ரயில்வே பட்ஜெட் 2017-இல் மீண்டும் அதனோடு சேர்க்கப்பட்டது. அந்த இணைப்பை நாங்கள் எதிர்க்கவில்லை. ஆனால் ரயில்வேக்கென்றே சபை ஒதுக்கியிருந்த நாள் அதோடு போய்விட்டது. 2018-இலும் 2023-இலும் எல்லா அமைச்சகங்களின் மானியக் கோரிக்கைகளும் அமளிக்கு நடுவே விவாதமே இல்லாமல் ஒன்றாக நிறைவேறின. 2023 மார்ச் 23 அன்று அப்படி ஒப்புதல் பெற்ற பட்ஜெட் ஏறக்குறைய 45 லட்சம் கோடி ரூபாய். ரயில்கள் தடம்புரள்வதைப் பற்றித் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் எழுதிய கடுமையான அறிக்கை அதற்கு மூன்று மாதம் முன்பே, 2022 டிசம்பரில், சபைக்கு வந்திருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கேள்விகூடக் கேட்காமல் பணம் தரப்பட்டது. பத்து வாரம் கழித்து, ஜூன் 2 அன்று, பாலசோர் அருகே கோரமண்டல் விரைவு ரயில் விபத்தில் 290-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். விவாதித்திருந்தால் அந்த விபத்து நேர்ந்திருக்காது என்று நாங்கள் சொல்லவில்லை. அது சிக்னல் பணியில் நடந்த பிழைகளால் நேர்ந்தது. கேட்க வேண்டிய நேரத்தில் சபை கேட்கவில்லை என்பதைச் சொல்கிறோம். இனி அலுவல் ஆய்வுக் குழு ரயில்வேக்கு முழுதாக இரண்டு நாளை முன்கூட்டியே ஒதுக்கட்டும். அமளியில் அந்த நாள் வீணானால் வேறொரு நாளைத் தரட்டும்.

பாதை வாரியாகப் பணம் ஒதுக்கும் பிங்க் புக், பட்ஜெட் நாளன்றே உறுப்பினர்கள் கைக்கு வர வேண்டும். எந்தத் திட்டத்துக்கு எவ்வளவு என்பது தெரியாமல் விவாதிக்க முடியாது. 2025-26-இல் தமிழ்நாட்டுக்கு 6,626 கோடி ரூபாய் என்று அமைச்சர் அறிவித்தார். மொத்தத் தொகையை மட்டும் சொன்னால் எங்களுக்குப் போதாது. திண்டிவனம்–திருவண்ணாமலைப் பாதை 2006-07-இல் ஒப்புதல் பெற்றது, இன்னும் முடியவில்லை. தமிழ்நாட்டின் புதிய பாதைத் திட்டங்கள் பலவற்றுக்குச் சில ஆண்டுகளில் ஒதுக்கப்பட்டது வெறும் 1,000 ரூபாய். திட்டத்தைக் கைவிடவில்லை என்று காட்டிக்கொள்ள அந்தத் தொகை உதவும்; ஒரு மீட்டர் தண்டவாளம் போட உதவாது. ஒவ்வொரு திட்டத்தின் பக்கத்திலும் இதுவரை ஆன செலவு, மீதமுள்ள நிலம், முடியும் ஆண்டு ஆகிய மூன்றையும் அச்சிட வேண்டும். கட்டப்போவதில்லை என்றால் அதையும் எழுத்தில் சொல்ல வேண்டும். அந்தப் பாதையை நம்பி வீடும் கடையும் திட்டமிடுகிற ஊர்கள் இருக்கின்றன.

ரயில் பாதுகாப்பு நிதியின் கணக்கை மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரு அவைகளிலும் வைக்க வேண்டும். இந்தச் சாசனத்தின் நடுநாயகமான கோரிக்கை இது. அனில் ககோட்கர் தலைமையிலான குழு 2012-இல் பாதுகாப்புப் பணிகளுக்கு ஐந்தாண்டில் ஒரு லட்சம் கோடி ரூபாய் தேவை என்றது. ஐந்தாண்டு கழித்து, 2017-18-இல், அதே அளவுத் தொகையோடு ராஷ்ட்ரிய ரயில் சன்ரக்ஷா கோஷ் என்ற நிதி தொடங்கப்பட்டது. ஆண்டுக்கு 20,000 கோடி. அதில் 15,000 கோடி அரசின் பங்கு, 5,000 கோடி ரயில்வே தன் வருவாயிலிருந்து போட வேண்டியது. முதல் நான்கு ஆண்டுகளில் ரயில்வே போட்டிருக்க வேண்டிய 20,000 கோடியில் 15,775 கோடி வரவே இல்லை என்று தணிக்கை அறிக்கை சொல்கிறது. வந்த பணமும் முழுதாக உரிய வேலைக்கே போகவில்லை. முன்னுரிமை இல்லாத வேலைகளுக்குப் போன பங்கு 2017-18-இல் 2.76 சதவீதமாக இருந்தது, 2019-20-இல் 6.36 சதவீதமானது. கால் மசாஜ் கருவியும் பீங்கான் பாத்திரமும் தோட்ட வேலையும் பாதுகாப்புக் கணக்கில் எழுதப்பட்டிருந்தன. தண்டவாளத்தைப் புதுப்பிக்க ஒதுக்கிய பணமோ 2018-19-ஐவிட 2019-20-இல் குறைந்தது. 2017-18 முதல் 2020-21 வரை நடந்த பெரிய விபத்துகள் 217, அவற்றில் 163 தடம்புரண்டவை. தண்டவாளத்துக்கான ஒவ்வொரு ரூபாயும் தண்டவாளத்துக்கே போக வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு காரணம் தேவையா? இப்போதைய நிதியாண்டிலிருந்தே காலாண்டுக் கணக்கு தொடங்கட்டும். வேறு வேலைக்குச் செலவிட்ட தொகை பாதுகாப்பு நிதிக்குத் திரும்பி வரட்டும்.

தன் பங்கைப் போட ரயில்வேயால் ஏன் முடியவில்லை என்பதற்கு விடை அதன் வருவாய்க் கணக்கில் இருக்கிறது. ஆகவே அந்தக் கணக்கை உள்ளபடி சபையில் காட்ட வேண்டும். 2019-20-இல் 100 ரூபாய் ஈட்ட 98 ரூபாய் 36 காசு செலவானதாக ரயில்வே சொன்னது. ஓய்வூதியத்துக்கு உண்மையில் ஆன செலவைச் சேர்த்திருந்தால் அது 114 ரூபாய் 35 காசாக இருந்திருக்கும் என்றார் தணிக்கையாளர். லாபம்போலத் தெரிந்தது உண்மையில் நஷ்டம். நஷ்டம் இருப்பது குற்றமல்ல, ஏழைகளைக் குறைந்த கட்டணத்தில் ஏற்றிச் செல்லும் சேவைக்கு அது நேரக்கூடியதே. அதை மறைத்தால் பாதுகாப்புக்கு வேண்டிய பணத்தை எங்கிருந்து தருவது என்ற பேச்சே சபையில் எழாது. அடுத்த பட்ஜெட் ஆவணத்தில் இரண்டு எண்களையும் அருகருகே அச்சிட வேண்டும்.

தணிக்கை அறிக்கைகளைக் கிடப்பில் போடாமல், குடியரசுத் தலைவரிடம் தரப்பட்டபின் வரும் கூட்டத்தொடரின் முதல் வாரத்திலேயே சபையில் வைக்க வேண்டும். 151-ஆவது பிரிவு வைக்கச் சொல்கிறது, கெடு சொல்லவில்லை. அந்த இடைவெளியில்தான் மாதங்கள் கரைகின்றன. 2015-இல் ஒன்றிய அரசைப் பற்றி 55 தணிக்கை அறிக்கைகள் வந்தன. 2020-இல் 14 மட்டுமே. ரயில்வேயின் நிதியையும் பாதுகாப்பையும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் தணிக்கை செய்ய வேண்டும். பொதுக் கணக்குக் குழு அந்த அறிக்கைகளை அந்த ஆண்டுக்குள் விசாரித்து முடிக்க வேண்டும்.

விபத்து விசாரணை அறிக்கைகளை முழுதாக வெளியிட வேண்டும், ஆறு மாதத்துக்குள். விபத்துகளை விசாரிக்கும் ரயில் பாதுகாப்பு ஆணையம் ரயில்வேயின் கீழ் இல்லை, விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது. அதன் ஆண்டறிக்கையை நாடாளுமன்றத்தில் வைக்க ரயில்வே சட்டம் கட்டளையிடுகிறது. ஒவ்வொரு விபத்தின் அறிக்கைக்கும் அதே கட்டாயம் வேண்டும். 2024 அக்டோபர் 11 அன்று கவரைப்பேட்டையில், மெயின் லைனில் போகச் சிக்னல் பெற்ற பாக்மதி விரைவு ரயில் லூப் லைனில் புகுந்து, நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதியது. பாலசோரிலும் வண்டி லூப் லைனில் புகுந்து சரக்கு ரயிலில்தான் மோதியது. இரண்டுக்கும் காரணம் ஒன்றா, வேறா என்பதை அறிய அந்தப் பாதைகளில் தினமும் போகிறவர்களுக்கு உரிமை உண்டு. தடம்புரண்ட விபத்துகளின் விசாரணை அறிக்கைகளில் 63 சதவீதம் குறித்த காலத்தில் தரப்படவில்லை என்று தணிக்கை ஏற்கெனவே கண்டது. தாமதமாக வரும் அறிக்கை அடுத்த விபத்தைத் தடுக்காது.

லெவல் கிராசிங்குகளுக்கும் கவச் கருவிக்கும் தேதி போட்ட பட்டியல் வேண்டும். 2025 ஜூலை 8 அன்று கடலூர் அருகே செம்மங்குப்பத்தில் பள்ளி வேன் மீது ரயில் மோதி மாணவர்கள் மூவர் இறந்தார்கள். அங்கே இருந்தது, மூடாமலே சிக்னல் தர முடிகிற, இன்டர்லாக்கிங் இல்லாத கேட். அங்கே சுரங்கப்பாதை கட்ட மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வரவில்லை என்றது ரயில்வே. யாருடைய மேசையில் கோப்பு நின்றது என்பதைப் பிள்ளைகள் இறந்தபிறகு அறிவது எங்களுக்கு உதவாது. இன்டர்லாக்கிங் இல்லாத கேட் ஒவ்வொன்றும் எங்கே இருக்கிறது, எந்த மாதம் மாற்றப்படும், அனுமதி யாரிடம் நிற்கிறது என்பதைக் கோட்டம் வாரியாக அடுத்த கூட்டத்தொடரில் வைக்க வேண்டும். ரயில்கள் மோதாமல் தடுக்கும் கவச் கருவியை 2020-இல் நாட்டுக்கே பொதுவானதாக ஏற்றார்கள். மூன்றாண்டு கழித்து, பாலசோர் விபத்தின்போது, அது தென்மத்திய ரயில்வேயில் 1,465 கிலோமீட்டரில் மட்டும் இருந்தது. நாட்டின் ரயில் பாதையோ 68,000 கிலோமீட்டருக்கும் மேல். தெற்கு ரயில்வேயில் எந்தப் பாதைக்கு எந்த ஆண்டு என்பதை அமைச்சர் எழுத்தில் தரட்டும்.

காலிப் பணியிடங்களை நிரப்பும் கால அட்டவணையையும் அதோடு தர வேண்டும். 2023-இல் ஏறக்குறைய 2.5 லட்சம் இடங்கள் காலி என்று அரசே நாடாளுமன்றத்தில் சொன்னது. டிராக்மேன் குறைந்தால் தண்டவாளச் சோதனை குறைகிறது; லோகோ பைலட் குறைந்தால் இருப்பவருக்கு ஓய்வு குறைகிறது. பாதுகாப்புப் பணிகளில் உள்ள காலியிடங்களை முதலில் நிரப்ப வேண்டும்.

மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகையைத் திரும்பத் தர வேண்டும். 60 வயதான ஆண்களுக்கு 40 சதவீதமும் 58 வயதான பெண்களுக்கு 50 சதவீதமும் இருந்த சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. ஸ்லீப்பர், மூன்றாம் வகுப்பு ஏசி பெட்டிகளிலாவது அதை மறுபடி தருவதைப் பரிசீலிக்குமாறு நாடாளுமன்ற நிலைக்குழுவே பரிந்துரைத்தது. கொரோனா போய்விட்டது, சலுகை வரவில்லை.

இப்படி நிலைக்குழு சொல்வது காற்றில் போகாமலிருக்க ஒரு வழி ஏற்கெனவே உண்டு. குழுவின் பரிந்துரைகள் எந்த நிலையில் உள்ளன என்று அமைச்சர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சபையில் அறிக்கை அளிக்க வேண்டும் என்பது மக்களவைத் தலைவர் 2004-இல் பிறப்பித்த உத்தரவு 73ஏ. ரயில்வே விஷயத்தில் அதைக் கெடு தவறாமல் நிறைவேற்ற வேண்டும். ஏற்காத பரிந்துரைக்குக் காரணம் சொல்ல வேண்டும். ‘பரிசீலனையில் உள்ளது’ என்ற பதிலை ஒரே விஷயத்துக்கு இரண்டாம் முறை ஏற்கக் கூடாது.

தமிழ்நாட்டு உறுப்பினர்களிடம் தனியாக ஒன்று கேட்கிறோம். மக்களவை மனுக்கள் குழுவுக்குப் போகும் மனுவை ஓர் உறுப்பினர் தம் கையெழுத்தோடு சமர்ப்பிக்கலாம். இந்தக் கோரிக்கைகளை அப்படி ஒரு மனுவாக, அடுத்த பட்ஜெட் கூட்டத்தொடர் தொடங்கும் முன் நீங்கள் சமர்ப்பிக்க வேண்டும். உங்கள் தொகுதியில் உள்ள கேட்டுகள், நின்றுபோன பாதைகள், நிலையங்கள் பற்றி நீங்கள் கேட்ட கேள்விகளையும் அமைச்சர் தந்த பதில்களையும் தொகுதி அலுவலகத்தில் எல்லோரும் படிக்கும்படி ஒட்டிவைக்க வேண்டும். கூட்டத்தொடர் முடிந்த பதினைந்து நாளில் அந்தப் பதில்களைப் படிக்க நாங்கள் வருவோம்.