வெயிலில் வெளுக்கும் வீரர்கள்

ஆட்டக்காரர்களின் படம் அச்சிட்ட சிறு கார்டுகளைச் சேர்த்து வைக்கும் மோகம் நம் வீட்டுப் பிள்ளைகளைப் பற்றிக்கொண்டு வெகு காலமாகிறது. இதை வீண் செலவென்று முகம் சுளிக்கும் பெற்றோர் அநேகர். நாம் அந்தக் கட்சியைச் சேர்ந்தவரல்லோம்.

சிகரெட் பெட்டி நசுங்காதிருக்கச் சொருகிய வெற்று அட்டையில், 19-ம் நூற்றாண்டின் இறுதியில், படம் போடத் தொடங்கினார்கள். நம் ரஞ்சித்சிங்ஜியின் உருவமும் அவ்வாறு வெளிவந்ததுண்டு. அப்பா புகைத்தார், பிள்ளை அட்டையைச் சேர்த்தான். பிற்காலத்தில் நம் நாட்டில் பபிள் கம்முடன் கிரிக்கெட் கார்டுகள் வந்தன; டிரம்ப் கார்டுகள் பள்ளிக்கூடங்களை ஆட்டிவைத்தன; 2008-ல் ஐ.பி.எல். பந்தயங்கள் தொடங்கிய பின் ‘கிரிக்கெட் அட்டாக்ஸ்’ கட்டுகள் வந்தன.

நிற்க. சேர்த்ததை நாலு பேர் பார்க்க வேண்டுமென்று ஆசைப்படுவது இயல்பே. பையன் கார்டுகளைக் கண்ணாடிச் சட்டத்தில் அடக்கிக் கூடத்தில், ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில், மாட்டிவிடுகிறான். அங்கேதான் விபரீதம் தொடங்குகிறது. தேநீர்க் கடையின் பழைய சினிமாப் படங்களை நேயர்கள் கவனித்திருப்பார்கள். கதாநாயகனும் கதாநாயகியும் நீலம் பாரித்து, விஷம் தீண்டினவர்களைப் போல நிற்பார்கள். வர்ணப் படமென்பது மஞ்சள், சிவப்பு, நீலம், கறுப்பு என்னும் நான்கு மைகளின் சேர்க்கை. வெளிச்சத்தில் பெரும்பாலும் மஞ்சளும் சிவப்பும் முந்தி அழிகின்றன. நீலமும் கறுப்பும் பிந்தி நிற்கின்றன. சென்னை அணியின் மஞ்சள் உடுப்பு என்ன கதியாகும் என்று யோசித்துக்கொள்ளலாம். ஆட்டக்காரர் கையெழுத்திட்ட கார்டாயின் இன்னும் மோசம். சாதாரணப் பேனா மை அச்சு மையைவிட விரைவில் மறையக்கூடியது. வெளுத்த நிறத்தை மீட்க எந்த மருந்தும் இல்லை. கையெழுத்திட்டவரே காலமாகிவிட்டால், வேறொன்று வாங்கவும் வழியில்லை.

இவ்வபாயமெல்லாம் சமவெளி வெயிலுக்குத்தானே, மேகமும் பனியும் மூடிய மலைநாட்டில் ஏது என்று சிலர் கேட்கலாம். கொல்லிமலையில் அறப்பளீசுவரர் கோயிலும் ஆகாய கங்கையும் விளங்கும் வளப்பூர் நாட்டையே எடுத்துக்கொள்வோம். ஓரே அம்பினால் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தையும் வீழ்த்தியதாகப் புறநானூறு புகழும் வல்வில் ஓரியின் மலை அது. அவன் காலத்தில் கார்டு அச்சிட்டிருந்தால் கட்டின் முதற் கார்டு அவனுடையதாகவே இருந்திருக்கும்! அந்த மலையின் மேற்பரப்பு சுமார் 1,000 முதல் 1,300 மீட்டர் உயரம். ஆயிரம் மீட்டர் ஏறினால், கண்ணுக்குப் புலப்படாத புற ஊதாக் கதிரின் வலு ஏறக்குறைய நூற்றுக்குப் பத்து கூடுகிறது. பனிமூட்டம் வெயிலின் சூட்டைத் தணிக்குமேயன்றி, ஒளியை அடியோடு தடுத்துவிடாது. பற்றாக்குறைக்கு ஈரமும் உண்டு. வெளிச்சத்துக்குப் பயந்து பெட்டியில் பூட்டினால், ஈரத்தை நாடி இராமபாணப் பூச்சி வந்துவிடும். ஓரியின் நாட்டிலும் இந்த பாணத்துக்குத் தப்ப முடியாது.

ஒளியை அளப்பதற்கு ‘லக்ஸ்’ என்று ஒரு கணக்கு உண்டு. ஒரு மீட்டர் தூரத்தில் எரியும் மெழுகுவத்தியின் வெளிச்சம் ஏறக்குறைய 1 லக்ஸ். காகிதச் சித்திரங்களுக்குப் பொருட்காட்சி சாலைகள் அனுமதிப்பது சுமார் 50 லக்ஸ். நடுப்பகல் வெயிலோ 1,00,000 லக்ஸ் வரை போகும். ஒளியின் தீங்கு சேர்ந்துகொண்டே போவதாகையால், ஒரு மணி நேர வெயில், அத்தகைய சாலையில் தினம் எட்டு மணி வீதம் 250 நாள் வைத்ததற்குச் சமானமாகிறது. புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி இப்போது கிடைக்கிறது, வாங்குவது நலமே. ஆயினும் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் நிறத்தைத் தின்னும் என்பதை விற்பவர் எல்லோரும் சொல்வதில்லை.

நியூயார்க் மெட்ரோபாலிடன் கலைக்கூடத்தில் ஜெபர்சன் பர்டிக் என்பவர் சேர்த்தளித்த 3,00,000-க்கு மேற்பட்ட அச்சுத் துணுக்குகள் இருக்கின்றன. அவற்றில் பேஸ்பால் கார்டுகள் மட்டும் 30,000-க்கு மேல். மனிதர் 1947 முதல் அவற்றைத் தம் கையாலேயே ஏடுகளில் ஒட்டி வந்து, 1963 ஜனவரியில் முடித்து, மார்ச்சில் காலமானார். கார்டைப் பசை போட்டு ஒட்டுவதை இன்று எவரும் ஒப்பார். ஆனால் மூடிய ஏட்டுக்குள் வெளிச்சம் புகாதல்லவா? அந்தக் கூடத்தார் இன்றும் எல்லாவற்றையும் ஒருங்கே பரப்பிவிடுவதில்லை. சிலவற்றை மட்டும் முறைவைத்து மாற்றி மாற்றிக் காட்டுகிறார்கள்.

இந்த ஞானம் நமக்குப் புதிதன்று. கர்ப்பக்கிருகம் இருட்டாகத்தான் இருக்கிறது. திரை விலகும்போதுதான் தரிசனம். ஏட்டுச் சுவடியைத் துணியில் சுற்றி வைத்துச் சரஸ்வதி பூஜையன்று வெளியே எடுத்தவர்கள் நம் முன்னோர். ஆகவே பிள்ளைகளுக்கு நாம் சொல்வது இதுதான். சட்டத்தை ஜன்னல் எதிரிலும், மழை நனைக்கும் வெளிச்சுவரிலும் மாட்டாதீர்கள். ஒன்பது கார்டு போதும்; மூன்று மாதத்துக்கொரு முறை மாற்றுங்கள். யாரும் பார்க்காத வேளையில் சட்டத்தின்மேல் ஒரு கறுப்புத் துணித்திரை தொங்கட்டும். அரிய கார்டுக்கும் கையெழுத்துக்கும் பிரதி எடுத்து அதையே மாட்டி, அசலை உள்ளே வையுங்கள்; இதில் ஏமாற்று ஒன்றுமில்லை. உறை வாங்கும்போது பி.வி.சி. வேண்டாமென்று கேளுங்கள், நாளடைவில் அது கசிந்து கார்டில் ஒட்டிக்கொள்ளும். பாலிப்ரொப்பிலீன் உறை தீங்கற்றது.

நம்பாத பையனும் இருப்பான். இரட்டையாக வந்த கார்டு ஒன்றை எடுத்து, பாதியைக் கறுப்புக் காகிதத்தால் மூடி, ஆடிப் பதினெட்டன்று அவன் விரும்பும் சுவரிலேயே மாட்டச் சொல்லுங்கள். பொங்கலுக்கு வெள்ளையடிக்கச் சட்டங்களை இறக்கும்போது காகிதத்தைப் பிரித்து அவனே பார்க்கட்டும்.