மகிழ்ச்சிச் சாலையை வாசிப்பது: வியட்நாம் மேட்டுநிலங்களில் முதுகுப்பைப் பயணம் குறித்து

வியட்நாமின் வடகோடியில், சீன எல்லையை ஒட்டி, மா பீ லெங் என்றொரு மலைக்கணவாய் இருக்கிறது. ஒருபுறம் செங்குத்தான சுண்ணாம்புப் பாறை. மறுபுறம் அதல பாதாளத்தில் நோ க்வே ஆறு. ஹா ஜியாங் நகரில் மோட்டார் சைக்கிளை வாடகைக்கு எடுத்து, குவான் பா, யென் மின், டோங் வான், மியோ வாக் எனச் சுமார் 350 கி.மீ. சுற்றிவரும் முதுகுப்பைப் பயணிகளில் இங்கே வண்டியை நிறுத்தாதவர் அரிது. எடுக்கப்படும் படங்களில் மலை இருக்கிறது, ஆறு இருக்கிறது, வண்டியும் பயணியும் இருக்கிறார்கள். காலடியில் இருக்கும் சாலையை மட்டும் யாரும் பொருட்படுத்துவதில்லை.

அந்தச் சாலைக்கு 'மகிழ்ச்சிச் சாலை' என்று பெயர். 1959இல் தொடங்கிய வேலை 1965இல்தான் முடிந்தது. 16 இனக்குழுக்களைச் சேர்ந்த இளைஞர்கள் சம்மட்டி, கடப்பாரை, வெடிமருந்து ஆகியவற்றைக் கொண்டு அதை வெட்டினார்கள். மா பீ லெங் பகுதியில் கால் ஊன்ற இடமில்லாததால் இடுப்பில் கயிறு கட்டித் தொங்கியபடி பாறையைக் குடைந்தார்கள். அந்தச் செங்குத்துப் பகுதிக்கு மட்டும் 11 மாதங்கள் பிடித்தன. வேலையில் உயிரிழந்தவர்களும் உண்டு. கணவாயில் அவர்களுக்கு நினைவுச்சின்னம் இருக்கிறது. பார்வையிடத்தில் நிற்கும் கூட்டத்தில் அதன் பக்கம் திரும்புகிறவர்கள் சிலரே.

'மனிதக் கால் படாத', 'நாகரிகம் தீண்டாத', 'தொலைதூர' என்ற சொற்கள் இல்லாமல் இந்த மலைகளைப் பற்றிய பயணக் குறிப்புகள் அநேகமாக எழுதப்படுவதில்லை. அச்சொற்களை எழுதுகிறவர் தார்ச்சாலையில் வந்து சேர்ந்தவர் என்பது ஒரு முரண். ஓர் இடத்துக்குப் பேருந்து போகிறது என்றால், அதற்கு முன்பே அங்கே அரசு போயிருக்கிறது, படை போயிருக்கிறது, வணிகர் போயிருக்கிறார், வரிக் கணக்கும் மக்கள்தொகைக் கணக்கும் போயிருக்கின்றன என்றே பொருள். பயணி இறுதியாக வருபவர். தன்னை முதலில் வந்தவராக எண்ணிக்கொள்வதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

சமூக அறிவியல் மாணவர்களுக்கு இது புதிய செய்தியாக இராது. வில்லெம் வான் ஷெண்டெல் 2002இல் 'ஸோமியா' என்று பெயரிட்டதையும், ஜேம்ஸ் ஸ்காட் 2009இல் வெளியிட்ட நூலில் அதை விரித்ததையும் அவர்கள் படித்திருப்பார்கள். வியட்நாமின் மத்திய மேட்டுநிலம் தொடங்கி இந்தியாவின் வடகிழக்கு வரை நீளும் மலைத்தொடர்கள், சமவெளி அரசுகளின் வரிக்கும் கட்டாய உழைப்புக்கும் படைச் சேவைக்கும் தப்பியவர்களின் புகலிடமாக இருந்தன என்பது ஸ்காட்டின் வாதம். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் அவ்வாதம் பெரிதும் பொருந்தாது என்பதையும் அவரே சொல்கிறார். தூரத்தை அழிக்கும் தொழில்நுட்பங்கள் வந்துவிட்டன என்பதே காரணம். அவற்றில் தலையாயது சாலை. ஆனால் அந்நூலைப் படித்துவிட்டு மலைக்குப் போகும் ஆய்வாளர் பலர் அந்தக் கடைசி எச்சரிக்கையை மறந்துவிடுகிறார்கள். அரசிடமிருந்து தப்பி வாழும் மக்களைத் தேடுகிறார்கள். கைப்பேசியில் மக்காச்சோள விலை விசாரிக்கும் ஹ்மோங் உழவரைக் கண்டதும் ஏமாற்றம் அடைகிறார்கள். பயணியின் 'தீண்டப்படாத மலை'யும் ஆய்வாளரின் 'அரசற்ற மலை'யும் ஒரே ஏக்கத்தின் இரு வடிவங்கள்.

டோங் வான் பாறைப் பீடபூமியில் அந்த உழவரின் வேலையைச் சற்று நின்று பார்த்தால் இந்த ஏக்கம் கலைந்துவிடும். கூர்மையான சுண்ணாம்புப் பாறைகளுக்கு இடையில் உள்ள குழிகளில், வேறிடத்திலிருந்து கூடையில் சுமந்து வந்த மண்ணை நிரப்பி, அதில் மக்காச்சோளம் ஊன்றுகிறார்கள். அந்த மாவை ஆவியில் வேகவைத்த 'மென் மென்' அவர்களது அன்றாட உணவு. 'இயற்கை எழில்' என்று பயணி படம் எடுக்கும் சரிவில் பாதி, கூடை கூடையாகக் கைகளால் உண்டாக்கப்பட்டது.

இங்கே வாகனத் தேர்வைப் பற்றிப் பேசியாக வேண்டும். முதுகுப்பைப் பயணப் பண்பாட்டில் மோட்டார் சைக்கிள் விடுதலையின் சின்னம். நினைத்த இடத்தில் நிறுத்தலாம், நினைத்தபோது புறப்படலாம். இந்த விடுதலை பொய்யல்ல. மேட்டுநிலத்தின் குளிரும் மழைக்குப் பிந்தைய மண்ணின் மணமும் பேருந்துக் கண்ணாடிக்குப் பின்னால் கிடைக்காதவை. ஆனால் மோட்டார் சைக்கிளில் போகிறவர் தலைக்கவசத்துக்குள் தனியாக இருக்கிறார். யாரோடும் பேச வேண்டிய தேவை அவருக்கு இல்லை. அவர் காண்பது நிலத்தை. சமூகத்தைக் காணப் பேருந்தில் ஏற வேண்டும்.

வியட்நாமின் மலைப் பேருந்து ஆளை ஏற்றிச் செல்வதோடு நின்றுவிடுவதில்லை. அதுவே தபால், அதுவே சரக்கு வண்டி. அரிசி மூட்டை, மருந்துப் பெட்டி, வண்டி உதிரிபாகம், கூடையில் கோழி என எல்லாம் ஏறும். ஏதோ ஒரு வளைவில் பேருந்து நிற்கும், அங்கே காத்திருக்கும் ஒருவர் கைக்கு ஒரு பொட்டலம் மாறும், பேருந்து நகரும். சந்தை நாளில் ஏறுகிறவர்கள் யார், சமவெளித் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகும் இளைஞர்கள் எந்த ஊரில் ஏறுகிறார்கள், நடத்துநர் யாரிடம் மரியாதையாகப் பேசுகிறார், யாரிடம் எரிந்து விழுகிறார் என்பவற்றை ஆறு மணி நேரப் பயணம் சொல்லித் தரும். நாட்டில் அங்கீகரிக்கப்பட்ட இனக்குழுக்கள் 54. மக்கள்தொகையில் ஏறத்தாழ 85 விழுக்காட்டினர் கின் இனத்தவர். இந்த விகிதத்தின் நடைமுறைப் பொருள் ஒரு பேருந்தின் இருக்கை வரிசைகளில் விளங்கும்.

பேருந்தும் தன்னளவில் எதையும் கற்பித்துவிடாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஹனோயிலிருந்து ஹா ஜியாங்குக்குப் போகிறவர்களில் பலர் இரவுப் படுக்கைப் பேருந்தையே தேர்கிறார்கள். செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, ஈரடுக்குப் படுக்கையில் கால் நீட்டி உறங்கிவிடுகிறார்கள். அந்த உறக்கத்தின்போது பேருந்து வீ ஸுயென் படைவீரர் கல்லறைத் தோட்டத்தைக் கடக்கிறது. 1979இல் மூண்ட சீன–வியட்நாம் எல்லைப் போர் அந்த ஆண்டோடு முடிந்தது என்றே வெளியில் பலரும் எண்ணுகிறார்கள். வீ ஸுயென் முனையில் 1984 முதல் 1989 வரை கடும் சண்டை நடந்தது. அதில் மாண்டவர்கள் நெடுஞ்சாலை ஓரத்தில் வரிசை வரிசையாகக் கிடக்கிறார்கள். பகல் பேருந்தில் போகிறவர் குறைந்தது அந்த வரிசைகளையாவது பார்ப்பார்.

தெற்கே, மத்திய மேட்டுநிலத்துக்குப் போனால் சாலைகள் இன்னும் வெளிப்படையாகப் பேசும். கோன் தும், ப்ளெய்க்கு, பூவோன் மா துவோட் நகரங்களை இணைக்கும் 14ஆம் எண் நெடுஞ்சாலையும், ப்ளெய்க்கு பக்கத்திலிருந்து கடற்கரை நகரான துய் ஹோவாவுக்கு இறங்கும் 25ஆம் எண் நெடுஞ்சாலையும் இன்று மோட்டார் சைக்கிள் பயணிகளுக்குப் பிடித்தமானவை. 1975 மார்ச் 10 அன்று பூவோன் மா துவோட் தாக்கப்பட்டு வீழ்ந்த பின், தென்வியட்நாம் படை மேட்டுநிலத்தைக் கைவிட்டு இறங்கியது அந்த இரண்டாம் சாலையில்தான். அப்போது அதன் எண் 7. படையோடு பல்லாயிரக்கணக்கான பொதுமக்களும் ஓடினார்கள். தாக்குதலாலும் பசியாலும் நெரிசலாலும் வழியிலேயே மடிந்தவர்கள் ஏராளம். 'கண்ணீர் வாகனத் தொடர்' என்று அது நினைவுகூரப்படுகிறது. எண் மாறிவிட்ட அச்சாலையின் ஓரத்தில் இன்று பயணி இளநீர் குடித்துவிட்டுப் போகிறார். அதில் குற்றம் ஏதுமில்லை. ஆனால் தெரிந்து குடிப்பது வேறு.

அதே சாலைகளின் இருபுறமும் இப்போது காப்பித் தோட்டங்கள். 1986இல் தொடங்கிய 'டொய் மொய்' பொருளாதாரச் சீர்திருத்தத்துக்குப் பிறகு ரொபஸ்டா சாகுபடி பெருகி, ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகளுக்குள் வியட்நாம் உலகக் காப்பி உற்பத்தியில் பிரேசிலுக்கு அடுத்த இடத்தைப் பிடித்தது. எடே, ஜராய், பானார், ம்னோங் மக்கள் சுழற்சி முறையில் பயிரிட்டு வந்த நிலங்களில் இந்தச் செழிப்பு நிகழ்ந்தது. போருக்குப் பின் அரசு அமைத்த 'புதிய பொருளாதார மண்டலங்கள்' வழியாகவும், பிறகு காப்பியின் ஈர்ப்பாலும் சமவெளி மக்கள் பெருந்திரளாக வந்து குடியேறினார்கள். வடக்கு மலைகளிலிருந்து தாய், நுங், ஹ்மோங் மக்களும் வந்தார்கள். ஒரு காலத்தில் அங்கே பெரும்பான்மையாக இருந்த பழங்குடியினர் சிறுபான்மையினர் ஆனார்கள். 2001இலும் 2004இலும் நிலத்தையும் வழிபாட்டு உரிமையையும் முன்வைத்துப் பெரும் போராட்டங்கள் வெடித்தன. ஒடுக்குமுறைக்கு அஞ்சிப் பலர் கம்போடியாவுக்குத் தப்பி ஓடினார்கள். அந்த மலைகளில் யார் எங்கே போகலாம் என்பது எக்காலத்திலும் அரசியல் கேள்வியாகவே இருந்திருக்கிறது. கடவுச்சீட்டோடு வரும் பயணியின் தங்குதடையற்ற போக்குவரத்தை இந்தப் பின்னணியில் வைத்தே மதிப்பிட வேண்டும். 1873ஆம் ஆண்டின் உள்கோட்டு ஒழுங்குமுறையைப் பாடமாகப் படித்த இந்திய மாணவருக்கு இது எளிதில் விளங்கும்.

ஆய்வாளர்கள் இதில் தங்களை மேலானவர்களாகக் கருதிக்கொள்ள இடமில்லை. பிரெஞ்சு மானிடவியலாளர் ஜார்ஜ் கொந்தோமினாஸ் 1940களின் இறுதியில் சார் லூக் எனும் ம்னோங் கார் சிற்றூரில் வாழ்ந்து, 1957இல் தம் புகழ்பெற்ற நூலை வெளியிட்டார். அம்மக்கள் ஆண்டுகளை எண்ணிட்டுச் சொல்வதில்லை. அந்த ஆண்டு வெட்டி எரித்துப் பயிரிட்ட காட்டின் பெயரால் குறிக்கிறார்கள், அந்தக் காட்டைத் 'தின்றோம்' என்கிறார்கள் என்பதை உலகம் அவர் வழியாக அறிந்தது. மக்கள் மீது ஆழ்ந்த பரிவு கொண்ட நூல் அது. ஆனால் வியட்நாம் போரின்போது அமெரிக்க அரசு அவரது அனுமதியின்றி அதை மொழிபெயர்த்துத் தன் சிறப்புப் படையினருக்குப் பயன்படுத்தியது. நூலில் இடம்பெற்ற ஒருவர் அப்படையைச் சேர்ந்தவரால் வதைக்கப்பட்டதைப் பின்னர் அறிந்த கொந்தோமினாஸ், 1972இல் அமெரிக்க மானிடவியல் சங்கத்தில் ஆற்றிய உரையில் அதை வெளிப்படையாகப் பேசினார். ஒரு சிற்றூரை அன்போடு விவரித்த எழுத்தே அந்த ஊரார் மீது ஏவப்படும் கருவியாக மாறக்கூடும். இருப்பிடக் குறியோடு படம் பதிவிடும் பயணியும், ஊரின் உண்மைப் பெயரோடு கட்டுரை வெளியிடும் ஆய்வாளரும் இந்த வரலாற்றை மனத்தில் இருத்த வேண்டும்.

அப்படியானால் போகாமல் இருப்பதே அறமா? அந்த முடிவும் எளிதானது, ஆகவே ஐயத்துக்குரியது. சுற்றுலா வருமானம் பல வீடுகளில் பிள்ளைகளின் படிப்புச் செலவாகிறது. பயணியைப் பின்னால் அமர்த்தி ஓட்டும் 'ஈஸி ரைடர்' தொழில் மலை இளைஞர்களுக்கு ஊரிலேயே வேலை தருகிறது. வாடகை மோட்டார் சைக்கிளுக்கு வியட்நாமிய மொழியில் 'ஸே ஓம்' என்று பெயர். 'கட்டிப்பிடித்துச் செல்லும் வண்டி' என்பது அதன் நேர்ப்பொருள். மலைச்சாலை ஓட்டிப் பழகாத ஒருவர் தனியாக வண்டி ஓட்டி விபத்தில் சிக்குவதைவிட, அந்தச் சாலையில் வளர்ந்தவரின் பின்னால் அமர்வது பாதுகாப்பானது. சாலையின் கதையைக் கேட்கவும் அதுவே வழி.

ஆனால் எல்லா வருமானமும் ஒன்றல்ல. பார்வையிடங்களில், முதுகில் பூக்கூடை சுமந்து, படத்துக்கு நிற்கும் சிறு குழந்தைகளைப் பார்க்கலாம். அவர்கள் கையில் வைக்கப்படும் ஒவ்வொரு நோட்டும் பள்ளியைவிடச் சாலையோரம் லாபமானது என்று அந்தக் குடும்பத்துக்குச் சொல்கிறது. படம் எடுக்காமல், பணமும் மிட்டாயும் கொடுக்காமல் கடந்து போவது அங்கே கல்மனம் ஆகாது. அந்தப் பணத்தை ஊர்க்காரர் நடத்தும் விடுதியில் இன்னோர் இரவு தங்கிச் செலவிடலாம். நான்கு நாளில் நான்கு ஊர் என்பதை இரண்டு ஊர் என்று சுருக்கினால், இரண்டாம் நாள் காலையில் வீட்டார் பேசத் தொடங்குவார்கள்.

2025 ஜூலை 1 அன்று வியட்நாம் தன் 63 மாகாண நிர்வாகங்களை 34ஆகக் குறைத்தது. மாவட்ட அடுக்கே நீக்கப்பட்டது. ஹா ஜியாங், துயென் குவாங் மாகாணத்தோடு இணைந்தது; கோன் தும், கடலோர குவாங் ங்காயோடு இணைந்தது. பயணிகள் பழைய பெயரையே சொல்கிறார்கள். பலர் மாற்றத்தை அறியவும் இல்லை. ஆனால் நிலப்பத்திரத்துக்கும் அரசுக் கையெழுத்துக்கும் அலையும் மலை உழவருக்கு, மாகாணத் தலைநகர் எத்தனை கி.மீ. தள்ளிப் போயிற்று, அங்கே போகும் பேருந்து எப்போது வரும் என்பது அன்றாடக் கேள்வி. பேருந்து நிறுத்தத்தில் அருகில் நிற்பவரிடம் எங்கே போகிறீர்கள், எதற்குப் போகிறீர்கள் என்று கேட்கும் பயணிக்கு, அந்தப் பதிலிலிருந்தே மேட்டுநிலம் திறக்கும்.