பாட்டும் உழைப்பே!

டிசம்பர் பிறந்தால் பெரிய ஓட்டல்களும் வணிக மாளிகைகளும் கிறிஸ்துமஸ் கீதம் பாடக் கோஷ்டிகளை அமர்த்துகின்றன. மாதா கோயிலில் பாடுவது மனமுவந்த காணிக்கை. முதலாளியின் கல்லா நிரம்பப் பாடுவதோ வேலை. வேலைக்குக் கூலி உண்டு.

“இரண்டு மணி நேரப் பாட்டுக்கு இவ்வளவா?” என்று பேரம் பேசுகிறார்கள். ஒத்திகை பார்த்த நாட்கள் எந்தக் கணக்கில்? தொண்டை கட்டினால் போகும் பிழைப்பு எந்தக் கணக்கில்? அறுப்பு நாளை மட்டும் எண்ணி, நடவு நாளை மறக்கும் மிராசுதார் கணக்கல்லவா இது!

உலகமே பாடும் ‘சைலன்ட் நைட்’ கீதம் 1818 டிசம்பர் 24 அன்று ஆஸ்திரியாவின் ஓபர்ன்டார்ஃப் என்ற ஊரில் முதன்முதல் ஒலித்தது. அதற்கு மெட்டமைத்த பிரான்ஸ் குரூபர் ஒரு நெசவாளியின் மகன். நெசவாளி மகனின் பாட்டால் லாபம் தேடுவோர், பாடுகிறவர் கூலியைக் குறைப்பது என்ன நியாயம்?

நாடக மேடையில் பாடிப் பிழைத்த கே.பி.ஜானகியம்மாள்தான் செங்கொடி ஏந்தி, 1967ல் மதுரை கிழக்குத் தொகுதியிலிருந்து சட்டமன்றம் சென்றார். பாடகரும் தொழிலாளியே!

கீதம் பாடுவோரே, பறை, நையாண்டி மேளக் கலைஞர்களே! கூலியை எழுத்தில் பெறுங்கள். முன்பணமும் பஸ் செலவும் சாப்பாடும் கேளுங்கள். தனித்தனியே பேரம் பேசினால் கூலி இறங்கும். சங்கமாய்ச் சேர்ந்தால் உயரும். ஆலைத் தொழிலாளரே, விவசாயத் தொழிலாளரே, அவர்கள் பக்கம் நில்லுங்கள்!